குப்பை என்று சொல்லாதீர்கள்!

திருக்கடையூரில் குடியிருந்தால் முகூர்த்த நாட்களில் விருந்தாளிக்குப் பஞ்சமே இருக்காது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று அபிராமி சந்நிதிக்கு வருகிற உறவுக்காரர்கள், லாட்ஜில் தங்கினாலும் ஒரு வாய் காபிக்காவது நம் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கும் அது சந்தோஷம்தான். ஆனால் போன தை மாதம் அப்படி வந்தவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என்னை இன்று பேனா பிடிக்க வைத்திருக்கிறது.

வந்தவர் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. சென்னையில் சொந்த ஃப்ளாட் வாங்கியிருக்கிறார்கள். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கண்ட கண்ட குப்பையெல்லாம் கொண்டாந்து அடுக்கி வச்சிருக்கே? அழகா பிளாஸ்டிக் பூங்கொத்து விக்குதே, ஒண்ணு வாங்கி வச்சா என்ன?" என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். "வாங்கணும் அண்ணி" என்று நானும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மழுப்பவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு ஹாலுக்கு வந்தால் பலகை காலி! எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் அள்ளிப் போட்டு, காலையில் குப்பை வண்டியில் போடுவதற்காக வாசலில் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "நம்ம வீடு மட்டும் ஏம்மா இப்படி இருக்கு?" என்று அழுகை.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையை எடுத்து வந்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

முதலில் வந்தது நெற்கதிர்க் கொத்து. இப்போது எங்கள் பக்கம் அறுவடை எல்லாம் மெஷின்தான். மெஷின் வயலில் இறங்கிவிட்டால் நெல் தனியாகக் கொட்டிவிடும், கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் மெஷின் வருவதற்கு முன்பே என் மாமியார் வயல் மூலையில் ஒரு பிடி கதிரை அரிவாளால் அறுத்து வந்து, பின்னி, வாசலில் கட்டுவார்கள். சிட்டுக்குருவி வந்து கொத்தும். இப்போது அவர்களுக்குக் கை நடுக்கம். இந்தக் கொத்து, பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி பின்னியது. "இதுவாடி குப்பை?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அடுத்தது குன்றிமணி பாட்டில். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க அப்பாவும் மகளுமாக வேலியோரம் தேடிப் பறித்ததில் மிச்சம். அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் தங்கத்தையே குன்றிமணியால்தான் எடை போட்டார்கள். பிறகு தூக்கணாங்குருவிக் கூடு. குஞ்சுகள் பறந்து போன பிறகு காற்றில் பனைமரத்திலிருந்து விழுந்தது. ஊசியும் நூலும் இல்லாமல் வெறும் அலகால் பின்னிய அந்த வேலைப்பாட்டை எந்தக் கடையில் வாங்க முடியும்?

கடைசியாகக் கையில் வந்தது ஒரு வெள்ளைக் கிளிஞ்சல். அதன் கதையை அதுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

என் பிறந்த வீடு தரங்கம்பாடிப் பக்கம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால் இருக்கும் கடற்கரையில்தான் நாங்கள் கிளிஞ்சல் பொறுக்கி வளர்ந்தோம். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பியது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது எங்கள் வகுப்பில் இரண்டு பேருடைய இடம் காலியாக இருந்தது. அதில் ஒருத்தி, எனக்குக் கிளிஞ்சலில் ஓட்டை போட்டு மாலை கோக்கச் சொல்லிக் கொடுத்தவள். அதற்குப் பிறகு பல வருஷம் நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. என் மகளுக்கு நாலு வயதானபோது, "கடல் பார்க்கணும்" என்று அடம் பிடித்ததால்தான் மறுபடி போனேன். அன்று அவள் குனிந்து எடுத்து என் கையில் வைத்த முதல் கிளிஞ்சல் இது.

சொல்லி முடித்தபோது இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை.

சகோதரிகளே, வீட்டை அழகு படுத்துவது என்றாலே கடைக்குப் போவது என்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் பூ வைப்பதைக் குறை சொல்லவில்லை, அது அவரவர் விருப்பம். ஆனால் அதே பூ பக்கத்து வீட்டிலும் இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும். இது யாருடைய வீடு, இவர்கள் எந்த மண்ணில் பிழைக்கிறார்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தப் பூ சொல்லாது. ஜப்பானில் ஒரு காய்ந்த கிளையையும் ஒற்றைப் பூவையும் கிண்ணத்தில் வைப்பதை 'இகேபானா' என்று பெரிய கலையாகவே கற்றுத் தருகிறார்கள். அங்கே செய்தால் கலை, நம் வீட்டுக் கூடத்தில் செய்தால் குப்பையா?

இன்னொன்று. கையில் சொந்தச் சம்பாத்தியம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, யாரிடமும் காசு கேட்காமல் வீட்டை அழகாக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. காய்ந்த தாமரைக் காய், தென்னம்பாளை, சுரைக்குடுக்கை, ஆற்றங்கரை நாணல் பூ, இப்படி நம் கண்ணெதிரே எத்தனையோ கிடக்கின்றன.

அதற்காகக் கிடைத்ததையெல்லாம் அள்ளி வரச் சொல்லவில்லை. நான் வைத்திருக்கும் சில கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன். உயிருள்ளதை எடுக்கக் கூடாது. சங்கை எடுக்கும் முன் உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் அது அதன் வீடு, விட்டுவிட வேண்டும். குஞ்சு இருக்கும் கூட்டில் கை வைக்கவே கூடாது. பவளப்பாறைத் துண்டுகளையும் சில அரிய வகைச் சங்குகளையும் எடுப்பதும் விற்பதும் 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குன்றிமணி விதை கடும் விஷம்; மூடி போட்ட பாட்டிலில், சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கிளிஞ்சலை வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் நன்றாகக் காய வைத்தால் வாடை வராது.

தூசி அடையும் என்பார்கள். உண்மைதான். அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பலகைதான். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போதுதான் எது நமக்கு முக்கியம் என்றே தெரிகிறது.

மறுநாள் காலையில் என் மகளே எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். கிளிஞ்சலை மட்டும் நடுவில் வைத்தாள். மனசு முழுதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் தோழிகள் வந்தால், என்ன சொல்லப் போகிறார்களோ என்று அவள் கண் முதலில் அந்தப் பலகைக்குத்தான் போகிறது. ஒரு வார்த்தை போட்ட முள் அது. எடுக்க நாளாகும்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். யார் வீட்டுக்காவது போகும்போது ஒரு கல்லோ, காய்ந்த கிளையோ, கிளிஞ்சலோ கண்ணில் பட்டால், 'ஏன் இந்தக் குப்பை?' என்று கேட்காதீர்கள். 'இது எங்கே கிடைச்சது?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண்ணின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

— ஓர் இல்லத்தரசி, திருக்கடையூர்.