தெய்வம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்

ஆட்டிசக் குழந்தையை வளர்க்கும் தாயைப் பற்றிப் பேச்செழுந்தால், "அந்தம்மா ஒரு தெய்வம்" என்று நம் உறவினர் சொல்வதும், சொன்ன மாத்திரத்தில் தம் கடமை தீர்ந்தது என்ற திருப்தியோடு விடைபெற்றுக்கொள்வதும் மலேசியாவின் சுபாங் ஜெயாவில் நான் அடிக்கடி காணும் வழக்கம். தெய்வத்துக்கு உறக்கம் வேண்டாம். நடுநிசியில் விழித்து விடியுமட்டும் ஓடித் திரியும் பிள்ளையைப் பெற்றவளுக்கு வேண்டும்.

முன்பு இதே தாய்க்குக் கிடைத்தது பழி. அன்பில்லாத வளர்ப்பே ஆட்டிசத்துக்கு மூலகாரணம் என்னும் கொள்கையை, தாமும் ஓர் ஆட்டிசச் சிறுவனின் தந்தையான உளவியலறிஞர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் நூலெழுதி மறுத்திருந்தும், 1967-இல் புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அதையே மீண்டும் பிரபலமாக்கிற்று. விஞ்ஞானம் அதைக் கைவிட்டு வெகுகாலமான பின்பும், கர்ப்பிணியாயிருக்கையில் கிரகணத்தன்று வெளியே போனாளா என்று விசாரிக்கும் பெரியம்மாக்கள் நம் குடும்பங்களில் இல்லாமல் இல்லை. பழியானாலும் பூஜையானாலும் பாரம் அவள் தலையில்தான்.

இந்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லலாகாது. பெற்றோரும் நிபுணரும் 1980-களில் தொடங்கிய தேசிய ஆட்டிசச் சங்கமாகிய நாசோம் இருக்கிறது. 2008-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் பரிசோதனை, தெரபி முதலிய செலவுகளுக்கு வரி விலக்கும் உண்டு. ஆயினும் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டிலிருக்கும் தாய்க்கு வருமானமே இல்லாதபோது, அவள் பெயரில் வரி விலக்கு எதற்கு? மேலும், இவை யாவும் பிள்ளையை உத்தேசித்தவை. பெற்றோரின் தேகத்தையும் மனத்தையும் உத்தேசித்தவை அல்ல.

நான் கேட்பது பெரிய திட்டமன்று. 2020-இல் மாநகரான சுபாங் ஜெயாவின் சமூக மண்டபங்களிலோ, கல்யாண நாட்கள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் நம் கோயில் மண்டபங்களிலோ, வாரத்தில் ஒரு காலை மூன்று மணி நேரம், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் இருவர் மூவர் இப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். புதிய முகம் சட்டென்று ஒப்பாத பிள்ளைகளாதலால், முதற் சில வாரங்கள் தாயோ தந்தையோ கூடவே அமர்ந்திருக்க வேண்டும். வரும் பராமரிப்பாளரும் வாராவாரம் மாறலாகாது. ஆகையால் தொண்டர்களை மட்டும் நம்பாமல் பராமரிப்பாளருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். தாய் அந்நேரத்தில் உறங்கினாளா, சினிமாவுக்குப் போனாளா என்று கோயில் நிர்வாகமும் கேட்கக்கூடாது, மாமியாரும் கேட்கக்கூடாது.