சிதம்பர யாத்திரையும் செலாவணிக் கணக்கும்

மாலை வேளையில் ஹெந்தளைச் சந்தியில் சிறிது நேரம் நின்றால், நீர்கொழும்பு வீதி வழியே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் வான்களைக் காணலாம். தொழில் தேடிச் செல்வோர், உயர்கல்விக்குச் செல்லும் மாணவர், வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் செல்லும் கத்தோலிக்க அயலவர், திருத்தலங்களைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர் எனப் பலதிறத்தாரும் அவற்றில் இருப்பர். போகும் ஊர் வேறானாலும், புறப்படுமுன் இவர்கள் அனைவரும் கேட்டறிந்த செய்தி ஒன்றே: “இன்று ரூபாய் என்ன விலை?”

ரூபாய்க்கும் ஒரு விலை உண்டு என்பதை நம்மில் பலர் 2022ஆம் ஆண்டிலேதான் உணர்ந்தோம். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாத நடுவில் அது 360 ரூபாயளவுக்கு ஏறிவிட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளாலும், அடுத்த ஆண்டு பரவிய கொரோனா நோயாலும் உல்லாசப் பயணிகளின் வருகை குன்றியது. வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியே அனுப்பும் பணமும் குறைந்தது. வெளிநாட்டுக் கடன்களோ தவணை தவறாமல் வந்து நின்றன. கையிருப்பைச் செலவிட்டுப் பல மாதங்களாகத் தாங்கி நிறுத்தப்பட்டிருந்த ரூபாயின் மதிப்பு, மார்ச் 7ஆந் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் சரியலாயிற்று. ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்திவைப்பதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

இந்தப் பெரிய கதை நமது சிறிய வீட்டுக்குள் புகுந்த விதத்தையே இவ்வாரம் சொல்ல எண்ணுகிறோம்.

நமது தாயார் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1962ஆம் ஆண்டில், தம் தந்தையாருடன் சிதம்பரம் சென்றவர். கொழும்புக் கோட்டையில் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடியை அடைந்து, மீண்டும் புகையிரதம் ஏறிய அந்தப் பயணத்தை இன்றும் அவர் படிப்படியாக விவரிப்பார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பழைய வழியும் அழிந்தது.

அக்காலத்தில் நமது ரூபாயும் இந்திய ரூபாயும் ஒரே மதிப்புடையவை என்றால் இன்றைய மாணவர் வியப்பர். இரண்டுமே டொலருக்கு 4.76 என்ற அளவில் இருந்தன. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயை 7.50 ஆகக் குறைத்தது. அதன்பின் சிறிது காலம் நமது ஒரு ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் பெறுமதி இருந்தது! 1967 நவம்பரில் நமது ரூபாய் 5.95 ஆகவும், 1977 நவம்பரில் 16 ஆகவும் இறங்கியது. அதற்குள் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஆயினும் அக்காலத்தை முற்றும் பொற்காலம் எனல் பொருந்தாது. 1960களில் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால், கையில் பணம் இருந்தாலும் விரும்பிய தொகையை மாற்றிக்கொள்ள இயலாது. அன்று பயணிக்குத் தடையாய் நின்றது அனுமதி. இன்று தடையாய் நிற்பது விலை.

நமது கதைக்கு வருவோம். 2022 சித்திரை விடுமுறையில் தாயாரை மீண்டும் சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்வதெனத் தை மாதத்தில் முடிவுசெய்தோம். முடிவு வீட்டில் வளரத் தொடங்கியது. சிதம்பரத்தோடு மதுரையும் இராமேஸ்வரமும் சேர்ந்தன. பிள்ளைகள் இருவரும் சேர்ந்தனர். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்னையிலே சேலை எடுக்கவேண்டும் என்று இல்லாள் ஒரு பட்டியல் தந்தார். விமானச் சீட்டு நீங்கலாக, அங்கே செலவிடுவதற்கென இரண்டு இலட்சம் ரூபாய் சேமித்து வைத்திருந்தோம். சீட்டை மார்ச் மாதத்தில் வாங்கலாம், இந்தியப் பணத்தைப் புறப்படுகிற வாரத்தில் மாற்றலாம் என்று இருந்துவிட்டோம்.

அங்கேதான் பிழைத்தோம். மார்ச் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் நமது 2 ரூபாய் 65 சதத்தளவில் இருந்தது. நமது இரண்டு இலட்சம் அன்று ஏறத்தாழ 75,000 இந்திய ரூபாய். மே மாத நடுவில் ஓர் இந்திய ரூபாய் 4 ரூபாய் 65 சதமளவாயிற்று. அதே இரண்டு இலட்சம் 43,000 ஆகச் சுருங்கியது. அலுமாரியில் இருந்த பணத்தை எவரும் தொடவில்லை. தாளில் அச்சிட்ட எண்ணும் மாறவில்லை. ஆயினும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. விமானச் சீட்டின் விலையோ டொலரைப் பின்தொடர்ந்து ஏறியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்நாட்களில், யாத்திரையை ஒத்திவைப்பதே அறிவுடைமை எனத் துணிந்தோம்.

தாயாரிடம் கணக்கைக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, சிதம்பரத்தில் நிற்கிறவர் எங்கேயும் போகமாட்டார். ஆனால் என்ரை முழங்கால் காத்திருக்குமோ தெரியாது” என்றார்.

அதனை முதியோரின் வழக்கமான பேச்சு என்று எண்ணிவிட்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ரூபாய் ஓரளவு தேறியது. 2024 ஓகஸ்ட் விடுமுறையில் தாயாரும் நாமும் மட்டும் புறப்பட்டோம். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானம். அங்கிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியே புகையிரதம். சென்னைக்கும் போகவில்லை, சேலையும் எடுக்கவில்லை. நான்கு நாட்களுக்கு இருவருக்கும் ஆன செலவு 16,000 இந்திய ரூபாய். ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் வீதம் நமது பணத்தில் 56,000.

சிதம்பரத்தில் தாயார் கண்ணீர் மல்கத் தரிசித்தார். அது நிறைவே. ஆனால் திரும்பும் வழியில், திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் நின்றபோது நமது நெஞ்சு சுட்டது. நானூறுக்கு மேற்பட்ட படிகள். கையில் ஊன்றுகோலுடன் தாயார் அண்ணாந்து பார்த்தார். “அப்பாவோடை வந்தபோது ஓடி ஏறினேன். போன முறை வந்திருந்தாலும் இருந்து இருந்து ஏறியிருப்பேன்” என்று சொல்லிக் கீழே நின்றபடியே தாயுமானவரைக் கும்பிட்டார். வராத அந்தப் பயணத்தை அவர் ‘போன முறை’ என்றே கணக்கு வைத்திருந்தார்.

அன்றிரவு விடுதியில் பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தோம். 2022 மே மாதத்தின் மிகத் தாழ்ந்த மதிப்பிலும் 16,000 இந்திய ரூபாய்க்கு நமக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது 75,000 ரூபாய்க்கும் குறைவே. கையில் இரண்டு இலட்சம் இருந்தது. மிகுதியில் இரண்டு சீட்டுகளின் விலையைக் கொடுக்க முயன்றிருக்கலாம். வெளிநாட்டு நாணயம் அருகியிருந்த காலந்தான். எனினும் நாம் தேடிப் பார்க்கவே இல்லை. ரூபாயின் வீழ்ச்சி பறித்தது மதுரையையும் சேலையையும் சென்னையையும். தாயாரின் சிதம்பரத்தைப் பறித்தது நமது திட்டத்தின் பருமன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தமையால், மூட்டை பாரமானபோது முழுவதையும் இறக்கிவைத்தோம்.

வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பத்தவர்க்கு இந்த அனுபவத்திலிருந்து சில சொல்லலாம். முதலாவது, சேமிப்பைச் செலவிடப்போகும் நாட்டின் நாணயத்திலே எண்ணுங்கள். “இரண்டு இலட்சம் இருக்கிறது” என்பதிலும் “அங்கே இத்தனை நாளுக்குக் காணும்” என்பதே மெய்யான கணக்கு. இரண்டாவது, நாள் உறுதியானவுடன் சீட்டை வாங்கிவிட்டால், பின்னர் ரூபாய் இறங்கினாலும் அந்தப் பங்கு தப்பும். மூன்றாவது, மாற்றவேண்டிய பணத்தை ஒரே நாளுக்கென்று வைத்திராமல், வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுநரிடமோ விதிகளுக்கமையச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வேறுபாடு உண்டாதலால், மாற்றிய பணத்தை மீண்டும் மாற்றினால் இருமுறை நட்டம். நான்காவது, கடன்பட்டு உல்லாசப் பயணம் போகவேண்டாம். பயணம் நான்கு நாளில் முடியும், தவணை முடியாது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று. ஒரு தாளில் பயணத்தின் நோக்கங்களை வரிசையாக எழுதி, முதலாவதின் கீழ் ஒரு கோடு கிழியுங்கள். பணம் மெலியும்போது கோட்டுக்குக் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மேலே உள்ளதை இயன்றவரை வெட்டாதீர்கள். அது ஒரு முதியவரின் ஆசையாயின், தள்ளியும் வையாதீர்கள்.

2022இல் வீழ்ந்த ரூபாய் பின்னர் ஓரளவு எழுந்தது. இனியும் விழலாம், எழலாம். முழங்காலுக்கு அந்த வழக்கம் இல்லை. மகள் இப்போது, “அப்பம்மாவோடை நாங்கள் எப்போது இராமேஸ்வரம் போவது?” என்று கேட்கிறாள். அங்கே ஏறுவதற்கு மலைக்கோட்டைப் படிகள் இல்லை. இம்முறை பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறோம்.