மூணு வட்டியா, பன்னிரண்டு சதவீதமா?

"நூற்றுக்கு மூணு வட்டி" என்கிறார் பணம் கொடுக்க வந்தவர். "பன்னிரண்டு சதவீதம்" என்கிறது வங்கி. மூன்று சிறியது, பன்னிரண்டு பெரியது என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் முதலாவது மாதக் கணக்கு. இரண்டாவது வருடக் கணக்கு. பத்தாயிரம் ரூபாயை அசல் குறையாமல் ஒரு வருடம் வைத்திருந்தால் அவருக்கு வட்டி மட்டும் 3,600 ரூபாய், வங்கிக்கு 1,200. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு கடினமே இல்லை. எதை எதோடு பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் பள்ளி அவர்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பண விவரம் கற்றுத்தர ஒரே ஒரு பாடவேளைதான் உண்டு என்றால், அந்த நேரம் கடனின் விலையைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கே போக வேண்டும். சேமிப்பு பிறகு வரட்டும். இந்தப் பாடத்தைத் தொடங்குவதற்குக் கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்துப் பள்ளிகளைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து வார இறுதியில் பொன்முடிக்கு வண்டி ஏறுகிறவர்கள் கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளையும், 1,100 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த மலைகளின் தேயிலைத் தோட்டங்களில், லயங்களில், தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. பலருக்கு வேர் தமிழ்நாட்டில். அகத்தியர்கூடத்துக்கு நடைபயணம் தொடங்கும் போணக்காட்டில் தோட்டம் நலிந்து, தொழிற்சாலை நின்று, கூலியும் பணிக்கொடையும் வருடக்கணக்கில் பாக்கியாக நின்றதைக் கேரளப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. கூலி பாக்கி நிற்கும் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது? மளிகைக் கடைப் பற்றில், கைமாற்றில், அடகில், வட்டிக்கு வாங்கியதில். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பணத்தோடு ஏற்படும் முதல் பழக்கம் கடன்தான். அவனிடம் பள்ளி போய் "சிறுகச் சிறுகச் சேமி" என்று மட்டும் சொன்னால் அது அவன் வீட்டைத் தொடாத அறிவுரை.

சேமிப்புப் பாடம் நம் பள்ளிகளுக்குப் புதிதும் அல்ல. சஞ்சாயிகா திட்டத்தில் மாணவர்களே சிறு வங்கி நடத்தி, கையேட்டில் பத்துப் பைசா, ஐம்பது பைசா வரவு எழுதிய தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது. செப்டம்பர் 15-ஐ சஞ்சாயிகா தினமாகவே கொண்டாடினோம். அது நல்ல திட்டம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே வங்கிக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் விதிகளைத் தெளிவாக்கியதும் நல்லதே. ஆனால் இத்தனை காலமும் வட்டி என்பது நமக்கு வரும் ஒன்றாகவே வகுப்பறையில் பேசப்பட்டது. நம்மிடமிருந்து போகும் வட்டிக்குக் கரும்பலகையில் இடமே கொடுக்கவில்லை.

வரும் வட்டிக்கும் இந்த மலையே ஓர் அருமையான உதாரணம் வைத்திருக்கிறது. இங்குள்ள காணிப் பழங்குடி மக்கள் காட்டித் தந்த ஆரோக்கியப் பச்சை என்ற செடியிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990-களில் தயாரிப்பு உரிமம் பத்து லட்சம் ரூபாய்க்குக் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. வந்த தொகையை வைப்பில் போட்டு, அசலைத் தொடாமல் வட்டியை எடுத்துச் செலவு செய்வது என்று அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். உலகமெங்கும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் இந்த ஏற்பாடு, விதுரா, பெரிங்கம்மலா பக்கத்துப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கேள்வியாகவாவது வரவேண்டும். ஒரே வட்டி, பணம் உங்களுடையதாக இருந்தால் உங்களுக்கு வேலை செய்கிறது. அடுத்தவருடையதாக இருந்தால் உங்களை வேலை வாங்குகிறது. இந்த இரண்டாவது பாதி சொல்லப்படாமல் இருப்பதுதான் நம் குறை.

பாடத்தை எப்படி நடத்துவது? கணக்கு ஆசிரியர் நான்கு துண்டுச் சீட்டுகளோடு வகுப்புக்குப் போகட்டும். நான்கும் பத்தாயிரம் ரூபாய்க் கடன். ஒன்றில் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டி. ஒன்றில் தினத் தண்டல்: 1,500 ரூபாய் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மூன்றாவது கேரளப் பெண்களின் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டம் வழியாக, குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வருடத்துக்கு 12 சதவீதம். நான்காவது கடையில் போன் வாங்கும் தவணை: வருடத்துக்கு 12 சதவீதம்தான் என்று சொல்லி, மொத்தத்துக்கும் வட்டியைச் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்துத் தவணை போட்டது. கணக்குப் போடும் முன்பே, எது மலிவு என்று ஒவ்வொரு பிள்ளையும் வரிசைப்படுத்தி எழுதி வைக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது. தன் கண் தன்னை எங்கே ஏமாற்றியது என்று பார்த்த பிள்ளைக்குத்தான் கணக்கு மறக்காது.

தண்டல் சீட்டில் வகுப்பு நின்று நிதானிக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறு என்றால் 15 சதவீதம் என்றே முதலில் பதில் வரும். ஆனால் கைக்கு வந்தது பத்தாயிரம் இல்லை, 8,500. அதுவும் நூறு நாளும் கையில் இருக்கவில்லை. மறுநாளிலிருந்தே திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளுக்குள் பாதிக்கு மேல் கட்டியாயிற்று. சராசரியாகப் பார்த்தால் அந்த நூறு நாளும் கடன் வாங்கியவர் பயன்படுத்தியது சுமார் 4,500 ரூபாயைத்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி. நூறு நாளுக்கே மூன்றில் ஒரு பங்கு. வருடத்துக்கு 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. போன் தவணையையும் இதே வழியில் பிரித்தால், 12 என்று சொன்னது 21-ஐத் தாண்டும். பத்தாயிரத்துக்கு வட்டி சேர்த்து 11,200 கட்டுகிறோம். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி குறையவில்லை. ஒரே 12 சதவீதம் அயல்கூட்டத்தில் ஒரு விலை, கடைத் தவணையில் வேறு விலை என்பதை அவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு விடை சொல்ல வேண்டாம்.

பிள்ளைகள் பாடத்திலிருந்து கொண்டுபோக வேண்டியவை மூன்று கேள்விகள்தான். கையில எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்டணும்? எப்ப எப்பக் கட்டணும்? இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் கடனையும் வருட வட்டிக்கு மாற்றிவிடலாம். இரண்டு வாரம் கழித்துப் புதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து மறுபடி போடச் சொல்ல வேண்டும். அப்போதும் போடத் தெரிந்தால்தான் பாடம் நடந்ததாகப் பொருள்.

ஒன்றில் ஆசிரியர் கண்டிப்பாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் "உங்க வீட்டுல கடன் எவ்வளவு?" என்று கேட்கக் கூடாது. வீட்டுப்பாடமாகவும் அதைக் கொடுக்கக் கூடாது. அப்பா யாரிடம் வாங்கினார், அம்மா வளையல் எந்தக் கடையில் இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்தின் மானம். நாற்பது பேர் நடுவில் அதைத் திறந்து காட்டச் சொல்லும் பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

இந்தப் பாடத்துக்குச் சட்டமே ஒரு பாடநூலைத் தயாரித்து வைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணம், பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அந்த எண் எங்கே என்று தேடிப் பார்க்கிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்தத் தாளின் ஒரு பிரதியை ஒன்பதாம் வகுப்பு மேசையில் வைத்தால் போதும். அந்தத் தாளைத் தராத கடன் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாம். 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் மட்டும் இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்று ரிசர்வ் வங்கியின் பணிக்குழுவே சொன்னது. அவை வந்து சேரும் போன் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது.

"வங்கிக்காரர்கள் வந்து முகாம் நடத்துகிறார்களே, போதாதா?" என்று கேட்கலாம். போதாது. கடன் விற்கிற நிறுவனம் கடனின் விலையைப் பற்றி வகுப்பெடுப்பது சரியல்ல. தங்க நகைக் கடன் நிறுவனமானாலும் இதுவே நம் கருத்து. பொதுப்படையான நிதிக் கல்வியின் மீதும் நமக்கு அளவுகடந்த நம்பிக்கை இல்லை. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மயர் ஆகிய மூவர் 2014-இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இத்தகைய கல்வி மக்களின் நடத்தையை மாற்றிய அளவு மிக அற்பம் என்றும், கற்றது காலப்போக்கில் கரைந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். பிரேசிலில் சுமார் 900 பள்ளிகளில் நடத்திய சோதனையில் மாணவர்களின் அறிவும் சேமிப்பும் கூடின. கூடவே, விலை கூடிய கடனில் பொருள் வாங்கும் பழக்கமும் கூடியது. பாடத்தைப் பரப்பி வைத்தால் பயன் இல்லை என்றுதான் நாம் இதைப் படிக்கிறோம். ஒரே திறன், அது தேவைப்படப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் என்று இருந்தால் பலன் உண்டு.

அந்த நேரம் நெருங்கித்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த மூன்றாம் வருடம் இந்தப் பிள்ளைகளில் பலர் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். நர்சிங் படிக்க நான்கு வருடமும் வருடத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் பத்து சதவீத வட்டியில் வாங்கினால் கடன் நான்கு லட்சம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை என்பார்கள், உண்மை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ரூபாய். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, தகுதியுள்ள தொழிற்படிப்புகளில், இந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் உண்டு. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்றே தெரியாத பிள்ளை, மானியம் உண்டா என்று எப்படிக் கேட்கும்?

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. வேறு வழி இல்லாதவருக்கு விலை தெரிந்து என்ன ஆகப் போகிறது? குழந்தைக்குக் காய்ச்சல், கூலி வரவில்லை, நடுராத்திரியில் ஜீப் வைத்துக் கீழே இறங்க வேண்டும் என்றால் அந்தத் தாய் கிடைக்கிற இடத்தில்தான் வாங்குவாள். அவளுக்குக் கணக்கு தெரியாததால் அல்ல. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறோம். பாக்கிக் கூலிக்கு எந்தப் பாடமும் ஈடாகாது. தோட்டத் தொழிலாளியின் பணிக்கொடையை வாங்கித் தர வேண்டிய பொறுப்பை அரசு நிதிக் கல்வி என்ற பெயரால் தட்டிக் கழிக்கக் கூடாது. கடன்பட்டவரைக் கையாலாகாதவர் என்று பேசும் தொனி இந்தப் பாடத்தில் எங்கும் வரக்கூடாது. ஆனாலும், இரண்டு கடன் இருக்கும் வீட்டில் எதை முதலில் அடைப்பது என்பதும், ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைக்கலாமா என்பதும் விலை தெரிந்தவர்களால்தான் முடிவு செய்ய முடியும். 120 சதவீதத் தண்டலை 12 சதவீத அயல்கூட்டக் கடனால் அடைத்த குடும்பத்துக்குக் கிடைப்பது பெரிய மூச்சு. 2018-இல் பாலக்காட்டில் தொடங்கிய 'முற்றத்தே முல்ல' திட்டம், கூட்டுறவு வங்கிப் பணத்தைக் குடும்பஸ்ரீ பெண்கள் வழியாக அந்த வட்டிக்கே வாசலுக்குக் கொண்டுவருகிறது. திட்டம் இருப்பது தெரிந்தாலும், வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் பழைய ஆளிடமே கால் போகும்.

கந்துவட்டியைக் கேரளம் 2014-இல் காவல்துறையைக் கொண்டு அடக்கப் பார்த்தது. தலைநகரிலேயே கடன் தொல்லையால் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் உயிர்விட்ட பிறகு 'ஆபரேஷன் குபேரா' வந்தது. மாநிலமெங்கும் சோதனைகள் நடந்தன. அதற்கு முன்பே 2012-இல் அதீத வட்டிக்கு எதிராகச் சட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. இருந்தும் 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததைத் தமிழர் யாரும் மறக்கவில்லை. சோதனையும் சட்டமும் கடன் கழுத்துவரை வந்தபின் வருபவை. பதினாலு வயதில் கையில் வரும் கணக்கு, கையெழுத்துக்கு முன்னால் வருவது.

கேரளத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே இதற்குப் பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டப் பஞ்சாயத்து வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது விதுரா, தொளிக்கோடு, பெரிங்கம்மலா வட்டாரத்துப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புகளில் இந்த ஒரு பாடவேளையை நடத்திப் பார்க்கட்டும். சீட்டுகள் மலையாளத்திலும் தமிழிலும் அச்சாகட்டும்; வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அதை அம்மாவிடம் காட்ட வேண்டும் அல்லவா. கணக்கு ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி, பிள்ளைக்கு நான்கு சீட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு தேர்வு. முடிவுகளை வெளியிட்டுவிட்டு, மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்திடம் பத்தாம் வகுப்புக் கணக்கில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதே மாதம், பாக்கிக் கூலி எப்போது வரும் என்ற கேள்விக்கும் தொழிலாளர் துறை பதில் சொல்ல வேண்டும்.