சாவித்திரிக்கு ஒரு தோழி இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

"அவளுக்கு என்ன குறைச்சல்? மாசம் பிறந்தா பணம் வருது. அப்புறம் ஏன் எல்லார்மேலயும் எரிஞ்சு விழறா?" வெளிநாட்டில் புருஷன் இருக்கும் பெண்களைப் பற்றி இந்தப் பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். கல்யாண வீட்டில், காதுகுத்தில், வீராம்பட்டினம் தேர்த் திருவிழாக் கூட்டத்தில்கூடக் கேட்டிருக்கிறேன். இதற்கு என் பதிலை இரண்டு சிறுகதைகளை வைத்துச் சொல்கிறேன். தமிழ் டீச்சருக்கு வேறு என்ன வழி தெரியும்?

முதல் கதை கு.ப.ராஜகோபாலன் எழுதிய 'ஆற்றாமை'. கும்பகோணத்தில் 1902இல் பிறந்தவர், மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர். கதையில் வரும் சாவித்திரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் கணவன் தொலைதூரத்தில் உத்தியோகத்தில் இருக்கிறான். அவள் தனியாகப் படுத்துக்கிடக்கிறாள். பக்கத்துக் குடித்தனத்தில் கமலா, ராகவன் என்று ஓர் இளம் தம்பதி. அவர்கள் சந்தோஷமாக இருப்பது இவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. ஓர் இரவு ராகவனைத் தேடி ஒருவர் வருகிறார். அந்த நேரம் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சாவித்திரிக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு வாருங்கள் என்று அவள் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. வந்தவருக்கு அவர்கள் கதவைக் காட்டிவிடுகிறாள். அதற்கப்புறம் தன்னையே நொந்துகொண்டு அழுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒரே ராத்திரியில் நடந்து முடிந்துவிடுகிறது.

இரண்டாவது கதை நம் ஊர்க்காரர் பிரபஞ்சனுடையது. கு.ப.ரா. 1944இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1945இல், புதுச்சேரியில் பிறந்தவர் பிரபஞ்சன். 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது புதுச்சேரி அரசு மரியாதையோடு வழியனுப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய 'மரி என்கிற ஆட்டுக்குட்டி' கதையை ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும்.

அற்புத மரி பள்ளிக்கூடப் பெண். ஒழுங்காக வகுப்புக்கு வருவதில்லை. அவள் உடுத்துவதும் நடந்துகொள்வதும் யாருக்கும் பிடிக்கவில்லை. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். தமிழாசிரியர் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார். தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு மரியைத் தேடி அவள் வீட்டுக்கே போகிறார். போனால், பெற்றோர் இருந்தும் இல்லாத வீடாக அது இருக்கிறது. இருவரும் அவளிடம் பிரியமாகப் பேசுகிறார்கள், வெளியே அழைத்துப் போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வா என்று நெருக்கவே இல்லை. புத்திமதி சொல்லவும் இல்லை. தன்னைத் தேடியும் இரண்டு பேர் வந்தார்கள் என்பதே அந்தப் பெண்ணை மாற்றுகிறது.

ஒருத்தி கல்யாணமானவள், இன்னொருத்தி பள்ளிப் பிள்ளை. இவர்களை எப்படிச் சேர்த்துப் பேசுவது என்று கேட்பீர்கள். இரண்டு பேரும் தேடுவது அன்பு. இரண்டு பேரும் அதைக் கேட்கத் தெரியாமல் ஊர் முகம் சுளிக்கும் ஒரு காரியத்தைச் செய்கிறார்கள். மரி பள்ளிக்கூடத்தை மதிக்கவில்லை. சாவித்திரி அடுத்தவள் ராத்திரியைக் கெடுத்தாள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று அடங்காப்பிடாரித்தனம், மற்றது வயிற்றெரிச்சல். உள்ளே இருக்கும் பசி ஒன்றுதான்.

ஆனால் படிக்கிற நாம் இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் ஆசிரியர் அறையில் இந்த இரண்டு கதைகளையும் சுற்றுக்கு விட்டேன். மரிக்காக எல்லாரும் உருகினார்கள். "பாவம், பச்சப்புள்ள" என்று ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே அம்மா சாவித்திரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, "சரியான வயித்தெரிச்சல் புடிச்சவ" என்றார். ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். அவருடைய கணவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார்.

இங்கேதான் எனக்குக் கேள்வி. பிள்ளைக்கு அன்பு வேண்டும் என்றால் நமக்குப் புரிகிறது. வளர்ந்த பெண் ஒருத்திக்கு வேண்டும் என்றால் ஏன் கூச்சமாக, குற்றமாகத் தெரிகிறது? சாவித்திரிக்கு வேண்டியது பேச்சுத்துணை மட்டும் அல்ல. கணவனின் அருகாமையும் தொடுகையும் வேண்டும். கு.ப.ரா. அதை மழுப்பாமல், அதே சமயம் கண்ணியம் குறையாமல் எழுதினார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் இன்னும் அந்தப் பேச்சு வந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

கதையின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆற்றாமை' என்பது நம் அக இலக்கியச் சொல். தலைவன் பொருள் தேடப் பிரிந்து போகிறான், தலைவி அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் தவிக்கிறாள். அதுதான் ஆற்றாமை. பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிவுதான். பிளஸ் டூவில் குறிஞ்சி புணர்தல், முல்லை இருத்தல் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். ஆகவே கணவனை நினைத்துப் பெண் ஏங்குவது தமிழுக்குப் புதிதும் இல்லை, கேவலமும் இல்லை. ஈராயிரம் ஆண்டாக நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இலக்கியத்தில் பாதிக்கு அதுதான் பொருள்.

அப்படியானால் சங்கத் தலைவிக்கும் சாவித்திரிக்கும் என்ன வித்தியாசம்? தலைவிக்குத் தோழி இருந்தாள். குறுந்தொகையின் 401 பாடல்களைப் புரட்டினால் தலைவிக்கு அடுத்தபடி அதிகம் பேசுகிறவள் தோழிதான். எந்தெந்த இடத்தில் தோழி பேசலாம் என்று தொல்காப்பியர் களவியலிலும் கற்பியலிலும் நீளமாகவே பட்டியல் கொடுக்கிறார். தலைவி அவளிடம் அழலாம், கோபப்படலாம், வெட்கத்தை விட்டுப் பேசலாம். சாவித்திரிக்கு அப்படி ஒரு காது கிடைக்கவில்லை. சொல்ல ஆள் இல்லாத தவிப்பு ஓர் இரவு அடுத்த வீட்டுக் கதவைக் காட்டும் விரலாக மாறிவிட்டது.

மரிக்கு அந்தத் தோழி கிடைத்துவிட்டாள். வாத்தியார் ஏன் மனைவியோடு போனார் என்று யோசியுங்கள். ஊர் பேசும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தம்மா கூட வந்ததால்தான் அது விசாரணையாக இல்லாமல், உறவுக்காரர் வந்துபோவது போல ஆயிற்று. என்னைக் கேட்டால் கதையின் பாதிப் பலம் அந்தம்மாதான்.

நம் புதுச்சேரிக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சொல்தாவாகப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போனவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! சைகோன் என்ற பெயர் நம் பாட்டிமார் வாயில் பக்கத்து ஊர் மாதிரி வரும். அந்த உழைப்புக்குப் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பென்ஷனுக்கு ஒவ்வொரு காகிதமும் பத்திரமாக இருக்கிறது. இங்கே வீட்டில் இருந்தவள் எத்தனை வருஷம் எப்படிப் படுத்து எழுந்தாள் என்பதற்குத்தான் ஒரு காகிதமும் இல்லை. இப்போது சைகோன் போய் துபாய், குவைத், சிங்கப்பூர் வந்திருக்கிறது. வீடியோ காலும் வந்திருக்கிறது. அதில் பேசும்போது மாமியார் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். அந்தப் பெண் தன் மனசில் இருப்பதை எங்கே பேசுவாள்?

இதற்கு மறுப்பும் உண்டு. பசித்தவர் எல்லாரும் திருடுவதில்லையே, தனியாக இருக்கும் பெண்கள் எல்லாரும் அடுத்தவர் நிம்மதியைக் கெடுக்கிறார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாவித்திரி செய்தது தப்புதான். கமலா அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அந்தத் தப்பை முதலில் உணர்ந்து அழுதவளும் சாவித்திரிதான். அவள் தனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனைக்கு மேல் நாம் ஒன்று கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. மரியின் தப்பைக் கண்ட வாத்தியார் அதற்குக் காரணம் தேடிப் போனார். சாவித்திரியின் தப்பைக் கண்டவர் யாரும் இல்லை. வாசகராகிய நாம் மட்டுமே கண்டோம். அப்படியானால் அந்த வாத்தியாரின் இடத்தில் இருப்பது நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோழி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாத்தியாரும் அவர் மனைவியும் மரியின் அப்பா அம்மாவாக ஆகிவிட முடியாது. கமலா எவ்வளவு பிரியமாகப் பேசினாலும் சாவித்திரியின் கணவன் அன்றைக்கு ரயிலேறி வந்துவிடப் போவதில்லை. ஆனால் சங்கத் தோழி வெறுமனே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவள் அல்ல. அவள் தலைவனிடமே போய்ப் பேசுவாள். பொருளுக்காக இவளை விட்டுப் போவது சரியா என்று நேருக்கு நேர் கேட்பாள். போனவன் சொன்ன பருவத்தில் திரும்பவில்லை என்றால் அதையும் கேட்பாள். பெண்ணிடம் பொறுத்துக்கோ என்பதோடு நிறுத்தாமல், ஆணிடம் போகாதே, சீக்கிரம் வா என்று சொன்னவள் அவள். நம் வீட்டுப் பெரியவர்கள் பாதி வேலையை மட்டும் செய்கிறோம். மருமகளிடம் பொறுத்துக்கோ என்கிறோம். பையனிடம் ஒன்றும் கேட்பதில்லை, பணம் வந்துவிட்டதா என்பதைத் தவிர.

ஆகவே என் பிள்ளைகளே, உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பையன்களே, வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் மனைவியோடு தனியாகப் பேசுங்கள். வீட்டில் மற்றவர்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். லீவு சேர்த்து வைத்து வீடு கட்டும்போது வருவேன் என்று தள்ளிப்போடாதீர்கள். கூட்டிக்கொள்ள வழி இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களே, அந்தப் பெண் சிடுசிடுத்தால் உடனே சீரியல் வில்லி ஆக்கிவிடாதீர்கள். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்தாலும் போதும். கேள்வி வேண்டாம். அவளாகப் பேசுவாள்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவிகளே, மாணவர்களே, டி.சி. எழுதப் பேனாவை எடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அரியாங்குப்பத்தில் எந்த வீடும் அவ்வளவு தூரம் இல்லை.

இரண்டு கதைகளும் சேர்ந்து அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். முதலில் 'மரி'யைப் படியுங்கள், பிறகு 'ஆற்றாமை'யைப் படியுங்கள். மரிக்குக் கொடுத்த அதே மனசைச் சாவித்திரிக்கும் கொடுக்க முடிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். முடியவில்லை என்றாலும் ஏன் என்று எழுதுங்கள். இந்த தடவை மார்க் போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்,
அரியாங்குப்பம்