ஐஸ் வைத்த மாளிகை

மாலையில் காற்று வாங்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரைக்குப் போகிறீர்கள். குழந்தைகள் சுண்டலுக்கு அடம் பிடிக்கின்றன. வாங்கிக் கொடுத்துவிட்டு, சமுத்திரத்துக்கு முதுகைக் காட்டிச் சாலையின் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பாருங்கள். வட்டமாக வளைந்த முகப்பும் தாழ்வாரங்களும் வரிசை வரிசையாக ஜன்னல்களுமாக ஒரு மாளிகை நிற்கிறதல்லவா? அதன் பெயர் இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பேட்டையை இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதானே சொல்கிறோம்!

அது வேடிக்கைப் பெயரல்ல. பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர் 1842-ல் இதைக் கட்டியதே ஐஸ் வைக்கத்தான். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி எடுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக் கணக்கில் கப்பலில் கொண்டு வந்தார்கள். வழியில் கரைந்தது போக மிஞ்சியதை விற்றே லாபம் பார்த்தார்கள் என்றால் பாருங்களேன்! வெயில் உள்ளே எட்டிப் பார்த்தால் சரக்கு தண்ணீராகிவிடும். ஆகவே காற்றும் வெளிச்சமும் அதிகம் நுழையாத கட்டடமாகவே இது எழுந்தது.

பிறகு இயந்திரத்திலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்தார்கள். கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார். ஜன்னல்களை வைத்து, வட்டத் தாழ்வாரங்களைச் சேர்த்து, சிநேகிதரான நீதிபதி கெர்னனின் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று அழைத்தார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது இங்கேதான்.

நம்மைப் போன்ற பெண்களுக்குரிய கதை இதற்கு அப்புறம் வருகிறது. சகோதரி சுப்புலட்சுமி சிறு பிராயத்திலேயே கணவனை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி அவரை மூலையில் உட்கார்த்தி வைக்காமல் தகப்பனார் படிக்க வைத்தார். 1911-ல் அவர் பி.ஏ. தேறினார். தாம் பெற்ற கல்வி தம்மைப் போன்ற பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று, ஊராரின் ஏச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டு, பால்ய விதவைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். அவருடைய சித்தி வாலாம்பாள் கூடவே துணை நின்றார். 1917-ல் சர்க்கார் ஐஸ் ஹவுஸை வாங்கி அந்த விடுதிக்குக் கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். பூவும் பொட்டும் போய், சுப காரியங்களில் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள், இந்த மாளிகையிலிருந்து புத்தகமும் கையுமாகப் பள்ளிக்கூடம் புறப்பட்டார்கள்! பலர் உபாத்தியாயினிகளாகிச் சொந்தக் காலில் நின்றார்கள்.

1963-ல் சுவாமிகளின் நூற்றாண்டின்போது மாளிகைக்கு அவர் பெயர் வந்தது. 1997-ல் அது ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்து, இப்போது கண்காட்சி நடக்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது உங்கள் பெண்ணையும் உள்ளே அழைத்துப் போங்கள். ஐஸ் கதையைக் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிறுமிகளின் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.