நாலு தரம் சொன்ன உம்மா



இம்மாதம் எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களில் பலரது வீட்டிலும் இது நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் உம்மாவுக்கு வயது 72. கிழக்கில் நமது வழக்கப்படி மகளாகிய என்னோடுதான் இருக்கிறார். தம்பி குவைத்தில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் போனில் உம்மாவின் முகம் பார்த்துக் கதைப்பான். ஒரு வெள்ளிக்கிழமை கதைத்து முடித்ததும், "போனை ராத்தாட்டக் குடுங்க உம்மா" என்றான்.

"ராத்தா, உம்மா ஏன் முகத்தைச் சரிச்சுச் சரிச்சுப் பாக்காங்க? ஒரு கண் தெரியல்லயோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மாவுக்கு முன்னால் அமர்ந்து, அவரது இடக் கண்ணைக் கையால் மூடி, "எத்தனை விரல் உம்மா?" என்று கேட்டேன்.

"கை இருக்கிறது தெரியுது மகள். விரல் தெரியல்ல."

"ஏன் உம்மா என்னிட்டச் சொல்லல்ல?"

"நாலு தரம் சொன்னன் மகள். நீ 'ம்' எண்டாய். பொறகு நான் விட்டுட்டன்."

சகோதரிகளே, அந்த நாலு தரமும் என் கையில் போன் இருந்திருக்கிறது. இதில் இன்னொரு வேதனையும் உண்டு. வயதானவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு செய்தியை அதே மாதம் எங்கள் குடும்பக் குழுவில் நானே பகிர்ந்திருக்கிறேன். எத்தனையோ பேர் கைகூப்பிப் படம் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். கடல் தாண்டி இருந்த தம்பிக்குத் தெரிந்தது, ஒரே பாயில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

அவனுக்குக் காட்டிக்கொடுத்ததும் போன்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே எல்லாக் குற்றத்தையும் போனின் தலையில் போட நான் வரவில்லை. பாடசாலை அறிவித்தல் அதில்தான் வருகிறது. வீட்டிலிருந்தே தையலும் கேக்கும் செய்து விற்கும் சகோதரிகளுக்கு அதுவே கடை. தம்பி அந்தப் பத்து நிமிடமும் உம்மாவின் முகத்தையே பார்த்தான். நான் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

என் சிறு பராயத்தில் சாச்சி குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்தார். அப்போது ஊரில் டெலிபோன் வசதி இல்லை. கெஸட்டில் பேசி அனுப்புவார். யாராவது ஊர் திரும்பும்போது அது வந்து சேரும். விறாந்தையில் பாய் விரித்து, பக்கத்து வீட்டாரும் சேர்ந்து அமர்ந்து கேட்போம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பார். "உம்மாட கால் நோவு எப்படி?" என்பார். நாங்களும் பதிலை ஒரு கெஸட்டில் பதிந்து, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். கேள்விக்குப் பதில் போய்ச் சேர மாதக் கணக்காகும். ஆனாலும் பதில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருந்து உம்மா கேட்டதற்கு நான் கொடுத்தது ஒரு 'ம்' மட்டும்தான்.

நோன்பு திறக்கும் நேரத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் அதான் ஒலிக்கும்வரை ஒரே ரேடியோவைச் சுற்றித்தான் வீடே இருக்கும். 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. தொலைக்காட்சி வந்த வீடுகளில் பேச்சுக் குறைந்துவிட்டது என்று அன்றைய பெரியவர்கள் குறைப்பட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான். சிரித்தால் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். இப்போது ஆளுக்கொரு பெட்டி கையில் இருக்கிறது. மகன் சிரிக்கிறான், எதற்கென்று எனக்குத் தெரியாது. மகள் முகம் வாடுகிறது, அதுவும் எதற்கென்று தெரியாது.

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். சில நாட்களில் ரமழானும் பிறந்தது. போன்களின் உயிர் போனதும் பிள்ளைகள் விறாந்தைக்கு வந்தார்கள். உம்மா தன் கலியாணக் கதை சொன்னார். அவர்களின் மூத்தாப்பா மாட்டு வண்டியில் நெல் ஏற்றிப் போன கதையையும் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். கரண்ட் வந்ததும் கதை பாதியில் நின்றது. காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த நாட்கள் திரும்பவும் வரவேண்டும் என்று எவரும் கேட்கமாட்டோம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, வீட்டு விளக்கு அணைய வேண்டியிருந்ததே!

நபி (ஸல்) அவர்கள் ஒரு மோதிரம் அணிந்திருந்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் நஸாயீ பதிவு செய்திருக்கிறார்கள். தோழர்களோடு இருக்கையில் பார்வை ஒரு தரம் மோதிரத்தின் பக்கமும் ஒரு தரம் அவர்கள் பக்கமுமாகப் போவதைக் கண்டு, இது உங்களை விட்டும் என் கவனத்தைத் திருப்பிவிட்டது என்ற கருத்தில் கூறி, அந்த மோதிரத்தை எறிந்துவிட்டார்கள். ஒரு சிறு மோதிரத்துக்கே அப்படியென்றால், நம் கையில் இருப்பதைப் பற்றி என்ன சொல்வது? நாம் எறியத் தேவையில்லை. கொஞ்ச நேரம் கீழே வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம். மஃரிப் தொழுததிலிருந்து இஷா வரை எல்லோருடைய போனும் உம்மாவின் பழைய வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கும். என்னுடையதுதான் முதலில் போகும். நாம் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வை என்றால் வைப்பார்களா? இவருடையதும் உள்ளேதான். இது பெண்களுக்கு மட்டுமான புத்திமதி அல்ல என்பதை உங்கள் வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். குவைத்திலிருந்து தம்பி எடுத்தால் மட்டும் வெளியே எடுப்போம். அதையும் நடுவில் வைத்து எல்லோரும் கதைப்போம்.

முதல் நாட்கள் லேசாக இருக்கவில்லை. மகன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். நானும் காரணமில்லாமல் இரண்டு முறை எழுந்து போனேன். சில நாள் கழித்து மகன் தானாகவே, "மூத்தம்மா, அந்த மாட்டு வண்டிக் கதை பொறகு என்னாகின?" என்று கேட்டான்.

உம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை செய்து வில்லை வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நன்றாகத் தெரிகிறது. கட்டுப் பிரித்த அன்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மகள், நீ நல்லா மெலிஞ்சி போயிருக்காய். ஒழுங்காத் தின்னல்லயா?"

இன்று இஷா வரைக்கும் உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால், தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.