அதிர்ச்சி வெற்றியின் விலையைக் கொடுப்பது யார்?

2024 அக்டோபர் 5, 6 ஆகிய இரண்டே நாள்களில் அமெரிக்க விளையாட்டு உலகின் கணக்குகள் பல பொய்த்தன. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தைத்தான் அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்கிறார்கள். அந்த ஆட்டத்தின் கல்லூரிப் போட்டிகளில் நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமா, நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் 40-35 என்று தோற்றது. நான்காம் இடத்து டென்னசியை ஆர்கன்சா வீழ்த்தியது. பத்தாம் இடத்து மிச்சிகனும் பதினோராம் இடத்து தெற்கு கலிஃபோர்னியாவும் தரவரிசையிலேயே இல்லாத அணிகளிடம் மண்ணைக் கவ்வின. மறுநாள் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அதே ஆண்டு பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆடிய சான் ஃபிரான்சிஸ்கோ அணி சொந்த மைதானத்தில் அரிசோனாவிடம் 24-23 என்று ஒரே புள்ளியில் வெற்றியைப் பறிகொடுத்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் சியாட்டிலுக்கே போய் ஜெயித்துத் திரும்பியது. இப்படி ஒரு வாரம் வந்தால் எது பெரிய அதிர்ச்சி என்று வாதாடுவது ரசிகர்களின் வழக்கம். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இந்த அதிர்ச்சிகளை உண்டாக்கும் ஏற்பாடு எது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது?

அளவை வைத்துப் பார்த்தால் வாண்டர்பில்டின் வெற்றிக்கே முதலிடம். தரவரிசையின் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளுடன் அதுவரை 60 முறை மோதி, 60 முறையும் தோற்ற அணி அது. அலபாமாவை அது கடைசியாக வென்றது 1984-ல். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டதில் வியப்பில்லை. ஆனால் வெற்றி வந்த வழி தெளிவானது. 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடங்கள் பந்து வாண்டர்பில்டின் வசமே இருந்தது. பலம் குறைந்த அணி ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, பலசாலிக்குக் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கையைச் சுருக்கினால், அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். அதே வாண்டர்பில்ட் மூன்று வாரங்களுக்கு முன்புதான், தன்னைவிட மிகச் சிறிய ஜார்ஜியா ஸ்டேட் அணியிடம் 36-32 என்று தோற்றிருந்தது. அதிர்ச்சி தரத் தெரிந்த அணிக்கு அதை வாங்கவும் தெரிந்திருக்கிறது.

ஒரே ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது என்று சொல்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள்; அவர்கள் சொல்வது பெருமளவு சரி. எத்தனை அதிர்ச்சிகள் வரலாம் என்பதைப் போட்டியின் அமைப்பே பாதி தீர்மானித்துவிடுகிறது. என்பிஏ கூடைப்பந்தின் முதல் சுற்று 2003 முதல் ஏழு ஆட்டத் தொடராக நடக்கிறது. அப்போதிலிருந்து 2025 வரை எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியை வெளியேற்றியது நான்கே முறை. ஏழு ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கரைந்துபோகிறது, திறமை மிஞ்சுகிறது. பேஸ்பாலில் இதன் மறுபக்கம் தெரியும். 2024-ல் 121 ஆட்டங்களில் தோற்று நவீன காலத்தின் மிக அதிகத் தோல்விகள் என்ற சாதனையைப் படைத்த சிகாகோ வைட் சாக்ஸ்கூட 41 ஆட்டங்களில் வென்றது. கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில் 2018-ல் மேரிலாண்ட் பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகம், ஒட்டுமொத்தப் போட்டியிலும் முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியாவை 74-54 என்று துவைத்து எடுத்தது. ஆடவர் போட்டியில் அதற்கு முன் முதலிடத்து அணிகள் பதினாறாம் இடத்து அணிகளை 135 முறை சந்தித்து, 135 முறையும் வென்றிருந்தன. ஆனால் மறு ஆண்டு கோப்பையை வென்றது அதே வர்ஜீனியாதான். எனவே ஒரு நாள் முடிவை வைத்துப் பெரிய தத்துவம் பேச முடியாது. சிறிய அணி தன் வெற்றியை அடித்தளமாக வைத்து அடுத்த ஆண்டும் மேலே ஏற முடிகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. அதைத் தீர்மானிப்பது அமைப்பின் மறுபாதியான பணமும் ஆட்களும் பிரியும் விதம்.

இந்த இடத்தில்தான் தொழில்முறை ஆட்டமும் கல்லூரி ஆட்டமும் பிரிகின்றன. முதலாளித்துவத்தின் கோட்டை என்று பெயரெடுத்த நாட்டில், என்எஃப்எல் நடப்பது ஏறக்குறைய சமதர்மக் கொள்கையில். ஒளிபரப்பு உரிமைகளை அணிகள் ஒன்றுசேர்ந்து விற்க 1961-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றிக் கொடுத்தது. அந்தத் தேசிய ஒளிபரப்புப் பணம் 32 அணிகளுக்கும் சரிசமமாகப் பிரிகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே நகரத்து அணிக்கும் நியூயார்க் அணிக்கும் ஒரே பங்கு. 1994 முதல் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு; 2024-ல் அது அணிக்கு 25.54 கோடி டாலர். கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில், முந்தைய ஆண்டு கடைசியில் வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. 2023-ல் 4 ஆட்டங்கள் மட்டுமே வென்ற வாஷிங்டன், இரண்டாவது தேர்வாக ஜேடன் டேனியல்ஸை எடுத்து, 2024-ல் 12 ஆட்டங்கள் வென்று அரையிறுதிக்கு நிகரான சுற்றுவரை போனது. சட்டமும் ஒப்பந்தமும் திட்டமிட்டு வளர்த்த அதிர்ச்சி இது. நியூ இங்கிலாந்தும் கேன்சஸ் சிட்டியும் கோப்பைகளைக் குவிக்கவில்லையா என்று கேட்கலாம். குவித்தன. ஆனால் மற்ற அணிகளைவிட அதிகமாகச் செலவழிக்க முடிந்ததால் அல்ல. அபூர்வமான பயிற்சியாளரும், களத்தில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கும் ஒரே இடத்தில் அமைந்ததால்.

கல்லூரி விளையாட்டின் கதை வேறு. ஒளிபரப்பு உரிமை முழுவதும் தன்னிடமே இருக்க வேண்டும் என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பிடியை 1984-ல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. அன்று முதல், கான்ஃபரன்ஸ் எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டணிகள் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டன. பணம் பெரிய கூட்டணிகளிடம் குவிந்தது. ஆனாலும் சிறிய கல்லூரிகளுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. வீரருக்குச் சம்பளம் கிடையாது. வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். பெரிய கல்லூரிகளின் கண்ணில் படாத இளைஞன் சிறிய கல்லூரியில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தான். அதாவது, சிறிய அணிகளின் அதிர்ச்சி வெற்றிகளுக்கான விலையை அந்த நாள்களில் சம்பளமும் சுதந்திரமும் இல்லாத வீரர்களே கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு நியாயமானது என்று சொல்ல முடியாது. 2021-ல் அது முடிவுக்கு வந்தது. வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், உட்காராமலேயே கல்லூரி மாறலாம் என்றானது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன.

இப்போது விலையைக் கொடுப்பது யார்? வாண்டர்பில்டின் நாயகன் டியேகோ பாவியா ஓர் ஆண்டுக்கு முன் ஆடியது நியூ மெக்சிகோ ஸ்டேட் என்ற எளிய பல்கலைக்கழகத்துக்கு. 2023 நவம்பரில் அவர் தலைமையில் அந்த அணி ஆபர்ன் என்ற பெரிய அணியை அதன் ஊரிலேயே 31-10 என்று புரட்டிப் போட்டது. அந்தப் பருவத்தில் 10 ஆட்டங்கள் வென்றது. பிறகு பாவியா வாண்டர்பில்டுக்குப் போனார். பழைய தலைமைப் பயிற்சியாளர் ஜெர்ரி கில் ஆலோசகராக அங்கே சேர்ந்தார். தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பயிற்சியாளரும் அங்கேயே போனார். அடுத்த பருவத்தில் நியூ மெக்சிகோ ஸ்டேட் வென்றது 3 ஆட்டங்கள். நாற்றங்கால் ஒருவருடையது, அறுவடை இன்னொருவருடையது. கூடைப்பந்திலும் இதே கதைதான். 2023-ல் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து நாட்டையே அசத்திய ஃப்ளோரிடா அட்லான்டிக்கின் வீரர்கள், 2025-ல் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் மூன்று வெவ்வேறு செல்வந்தச் சீருடைகளில் வந்தார்கள்: அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடாவில், ஜானெல் டேவிஸ் ஆர்கன்சாவில், விளாடிஸ்லாவ் கோல்டின் மிச்சிகனில். மிச்சிகனின் பயிற்சியாளரும் அங்கிருந்து போனவரே. ஃப்ளோரிடா அட்லான்டிக்கோ அந்த ஆண்டுப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அந்தப் பதினாறு அணிகளும் நான்கே கூட்டணிகளைச் சேர்ந்தவை. கடைசி நான்கில் நின்ற நான்கும் முதலிடத்து அணிகள்.

புதிய சுதந்திரத்தால் அதிர்ச்சிகள் பெருகியிருக்கின்றன என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அதற்கும் ஆதாரம் உண்டு. முந்தைய பருவத்தில் 3 ஆட்டங்களே வென்றிருந்த அரிசோனா ஸ்டேட், 2024-ல் தன் கூட்டணியில் கடைசியில் வரும் என்று கணிக்கப்பட்டது. கூட்டணிப் பட்டத்தையே வென்றது. நெடுங்காலம் தோல்விக்குப் பேர்போன இண்டியானா, புதிய பயிற்சியாளரோடும் அவர் பழைய கல்லூரியிலிருந்து அழைத்துவந்த வீரர்களோடும் அதே ஆண்டு 11 ஆட்டங்கள் வென்றது. ஆனால் வாண்டர்பில்ட், அரிசோனா ஸ்டேட், இண்டியானா மூன்றுமே பெரிய கூட்டணிகளுக்குள் இருக்கும் அணிகள். பந்தியில் ஏற்கெனவே இடம் கிடைத்தவர்களுக்குள் வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சிறிய அணியான நார்தர்ன் இல்லினாய், 2024 செப்டம்பரில் ஐந்தாம் இடத்து நோட்டர் டேமை 16-14 என்று வீழ்த்தியதே என்று கேட்டால், அது உண்மைதான். ஒரு நாள் வெற்றிக்கு இன்றும் தடை இல்லை. அந்த வெற்றி விளம்பரமாகி, வீரர்களும் பயிற்சியாளரும் விலை பேசப்பட்டு, அடுத்த ஆண்டு அணியே கலைந்துபோகும் ஆபத்துதான் புதிது.

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பலாம், பணம் வந்ததும் ஆட்டம் கெட்டது என்பது இன்னொரு தரப்பு. இந்த வாதத்துக்கு என்எஃப்எல்லே பதில். அங்கே ஒவ்வொரு வீரரும் சம்பளம் வாங்குகிறார். அதிர்ச்சிகளும் வாரந்தோறும் வருகின்றன. ஆகவே வீரருக்குப் போகும் பணத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையே பணம் பகிரப்படாததே குறை. உலகக் கால்பந்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. வீரரை ஒரு கிளப் இன்னொன்றிடமிருந்து வாங்கும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. அமெரிக்கக் கல்லூரிகளிலும் வீரரை அழைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம், வளர்த்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு தர வேண்டும். அது வீரரின் காலில் விலங்காகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே அந்தப் பங்கைக் கூட்டணிகளின் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து ஒரு பொது நிதியாக எடுக்க வேண்டும். பழைய கல்லூரியின் சம்மதம் எதற்கும் தேவைப்படக் கூடாது. பெரிய கூட்டணிகள் தாமாக முன்வந்து தரமாட்டா என்பது தெரிந்ததே. 1961-ல் தொழில்முறை லீக்குகளுக்காகச் சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், அதே கருவியைக் கல்லூரிகளுக்கும், பகிர்வு என்ற நிபந்தனையோடு, தரலாம்.

சிறந்த அணி வென்றால் போதாதா, சிறியவர்களை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எது சிறந்த அணி என்பது ஆடுவதற்கு முன்பே பணத்தால் முடிவாகிவிட்டால், ஆட்டத்துக்கு வேலை இல்லை. வாண்டர்பில்ட் அலபாமாவை வென்றது கொண்டாட வேண்டிய வெற்றிதான். பாவியா தன் திறமைக்கு உரிய இடத்தைத் தேடிப் போனதிலும் தவறில்லை. நியூ மெக்சிகோ ஸ்டேட் வெறுங்கையோடு நின்றதுதான் அநியாயம். அந்தக் கணக்கு நேராகாதவரை, எது பெரிய அதிர்ச்சி என்ற வாராந்தர விவாதத்தில் பேசப்படும் பெயர்கள் மேலும் மேலும் பணக்காரப் பெயர்களாகவே இருக்கும்.